எடையறிந்து இடும் மருந்து

(ராஜபாளையத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக வீற்றிருந்தும், குடியிருந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கென ஈந்துவிட்ட பி.எஸ். குமாரசாமி ராஜா அவர்களை நாட்டுக்கு அளித்த இவ்வூரில் நின்று பேச வாய்த்ததை ஒரு பாக்கியமாகவே கருதுகிறேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட விஷயம் கலையோடும் அரசியலோடும் ஒட்டாதது. ரத்தத்தில் ஈஸ்ட் என்னும் பூஞ்சைக் கிருமி கலந்துவிட்ட ஒருவர் பருமனான சரீரம் உடையவராகவும் இருப்பாரேயானால், அவருக்கு மருந்தை எந்தப் பிரமாணத்தில் கொடுப்பது என்பதே அது. இது வைத்தியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி அல்லவா என்று இந்த அவையில் எவரேனும் எண்ணினால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை; எனினும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாயை விரித்துக் காத்துக்கிடக்கும் உறவினரும் இதில் ஒரு பங்கு அறிந்திருந்தால் உள்ளே கிடப்பவருக்கு நன்மை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்து, சலவை செய்து, சுருட்டிக் கட்டப்படும் பேண்டேஜ் துணி, நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் போய், முன்பின் அறியாதவர்களின் புண்களை மூடுகிறது என்பது இப்பகுதிக்குப் பெருமை தரும் உண்மை. நான் சொல்லவந்த கிருமியோ அந்தத் துணிக்கு எட்டாத வழியில் புகுவது. நோயாளியின் கழுத்திலோ காறையெலும்பின் கீழோ பெரிய ரத்தக்குழாயில் செலுத்தி வைத்திருக்கும் 'சென்ட்ரல் லைன்' என்னும் குழல் வழியாக அது நுழைகிறது. அல்லது, குடல் கிழிந்து அறுவை செய்துகொண்டவரின் உட்புறத்திலிருந்தே கசிந்து ரத்தத்தில் சேர்கிறது. ஏனெனில் காண்டிடா என்ற இந்த ஈஸ்ட் வகை வெளியிலிருந்து வரும் அந்நியன் அன்று. நம்மில் மிகப் பலருடைய வாயிலும் குடலிலும் சிறு குடித்தனமாக எக்காலமும் வசித்துவருவதுதான். பல நாள் கொடுத்த வீரியமான ஆண்டிபயாட்டிக் மருந்துகள் அதனோடு போட்டியிட்ட பாக்டீரியாக்களை ஒழித்துவிட, உணவு முழுவதும் குழல் வழியே ரத்தக்குழாயில் ஏற, சர்க்கரை நோயும் சேர்ந்து உடம்பின் காவலைத் தளர்த்திவிட்ட சமயம் பார்த்து அது ரத்தத்தில் இறங்கிவிடுகிறது.

இந்தக் கிருமி வகைகளில் நம்முடைய வெப்ப மண்டலத்துக்கே உரியது போல் மிகுதியாகக் காணப்படும் காண்டிடா டிராபிகாலிஸை 1910-ஆம் ஆண்டிலேயே விவரித்தவர், அந்நாளில் கொழும்பில் இருந்து இலங்கை நோயாளிகளின் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர். அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 2011, 2012 ஆண்டுகளில், சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்து அருணலோக் சக்ரவர்த்தி முதலானோர் இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்த்து எடுத்த கணக்கில், பிரிவில் சேர்ந்த ஆயிரம் பேருக்குச் சுமார் ஆறரைப் பேர் வீதம் ரத்தத்தில் காண்டிடா கண்டது. மொத்தம் 1,400 நோயாளிகள். அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் இருந்தது காஸ்டெல்லானியின் அந்த டிராபிகாலிஸே. முப்பது நாளைக்குள் இறந்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர். 2009-இல் டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்துப் பெயரிடப்பட்டு, பின்பு இந்தியாவிலும் பரவலாகத் தென்படலாயிற்று என்று டில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தாரால் உலகுக்கு உணர்த்தப்பட்ட காண்டிடா ஆரிஸ் என்னும், பல மருந்துகளுக்கு மசியாத அந்தப் பிடிவாதக்காரியும், மேற்சொன்ன கணக்கிலேயே நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல் இடம் பிடித்திருந்தது.

இனி, சரீரத்தின் பருமன். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019 முதல் 2021 வரை எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் வேண்டிய எடைக்கு மேற்பட்டவர்கள் என்கிறது. இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் மேல் பழி சுமத்துவோரும் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தமாட்டேன், அது என்றாவது ஒருநாள் உண்ணும் இனிப்பு. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்து, இரவு பத்து மணிக்கு எண்ணெய்ப் பரோட்டாவில் முடிக்கும் நம் புதிய தினசரியே விசாரணைக்கு உரியது. அது நிற்க. எடை மாத்திரம் பார்த்தால் நம்மவரைப் பற்றிய முழு உண்மை வெளிப்படுவதும் இல்லை. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக் என்ற வைத்தியரும் லண்டனைச் சேர்ந்த யட்கின் என்ற வைத்தியரும் 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' பத்திரிகையில் தங்கள் இருவர் புகைப்படத்தையும் அருகருகே வெளியிட்டனர். இருவருக்கும் உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு ஒன்றே, 22.3, ஆனால் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு, நம்மவர் உடம்பில் 21 பங்கு. மெலிந்தவராகத் தோன்றும் இந்தியர் உள்ளே கொழுத்தவராக இருக்கக்கூடும் என்பதனாலேயே, மேல்நாட்டார் பருமனுக்கு 30 என்று வைத்த எல்லைக்கோட்டை இந்தியர்க்கு 25 என்று நம் நிபுணர்கள் இறக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் ஆய்வு 2023-இல் அறிவித்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பருமனும் சர்க்கரையும் குடல் அறுவையும் ஒரே கட்டிலில் கூடுவது ஆஸ்பத்திரிகளில் அபூர்வக் காட்சி அன்று.

இவ்வாறு கூடிய நோயாளிக்கு மருந்து எவ்வளவு? நம் பழைய வைத்தியர்கள் சூரணத்தைத் திரிகடிப் பிரமாணம் என்று மூன்று விரல் நுனியால் எடுத்துக் கொடுத்தார்களென்றாலும், நாடியைப் பிடித்து, உடல்வாகைப் பார்த்து, அந்த விரல்களைச் சற்று நெருக்கவும் விரிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இக்காலத்து ஊசிமருந்துகளிலோ பல, ஆளுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ரேஷன் போலக் குறிக்கப்பட்டு வந்துவிட்டன. பாடப் புத்தகங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு பேசும் அந்த 'ஆள்' பெரும்பாலும் எழுபது கிலோ எடையுள்ள ஒரு நடுத்தர மனிதன். சத்திரப்பட்டியின் சலவைத் தொட்டியில் வழக்கமான பாரத்துக்குப் போடும் சலவை மருந்தையே இரு மடங்கு துணிக்கும் போட்டால் துணி மஞ்சளித்து நிற்பதை இங்குள்ளோர் அறிவர். பெரிய உடம்புக்குச் சிறிய உடம்பின் அளவையே கொடுத்தால் நேர்வதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அத்தோடு நின்று, எடை இரட்டித்தால் மருந்தையும் இரட்டிப்போம் என்று முடிவு கட்டிவிட்டால் அதுவும் தவறாகிவிடும். கூடிய எடையில் பெரும் பங்கு கொழுப்பு. கொழுப்பில் தண்ணீர் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. தண்ணீரில் கரையும் மருந்து அங்கே அதிகம் போவதில்லை. அதே சமயம், பருத்த உடம்பில் கொழுப்பு மட்டுமா வளர்ந்திருக்கிறது? அதைச் சுமக்கத் தசையும், அதற்கு ஊட்ட ரத்தமும், சில காலம் வரையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகமும் கூடவே வளர்ந்திருக்கின்றன. ஆகவே எந்த மருந்து, எந்த உறுப்பு வழியாக, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தாலன்றி விடை கிடைக்காது.

இதை விளக்க ஒரு நோயாளியைக் கற்பித்துக்கொள்வோம். பேண்டேஜ் மடித்துக் கட்டும் வேலையில் இருக்கும் 48 வயது அம்மாள், உயரம் சரியாக ஐந்தடி, எடை 92 கிலோ, சர்க்கரை உண்டு, குடலில் ஓட்டை விழுந்து, மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை செய்து, ஒன்பதாம் நாள் ரத்தத்தில் காண்டிடா என்று ஆய்வுக்கூடம் சொல்லியிருக்கிறது. இந்த அம்மாளுக்கு எடை எவ்வளவு என்றால், ஒன்றல்ல, மூன்று விடைகள் உண்டு. தராசு காட்டுவது 92. 1974-இல் டிவைன் என்பவர் எழுதிவைத்த சூத்திரப்படி ஐந்தடிப் பெண்ணுக்கு உரிய லட்சிய எடை 45.5. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மிகுதியில் பத்தில் நான்கு பங்கை மட்டும் லட்சிய எடையோடு சேர்த்துக்கொள்ளும் திருத்திய எடை 64. இப்போது, மருந்து கொடுக்குமுன் சிறுநீரகத்தின் சக்தியை மதிப்பிட வேண்டும். 1976 முதல் உலகெங்கும் பிரயோகத்தில் உள்ள காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கில் எடையும் ஓர் உறுப்பு. அம்மாளின் ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டும் கழிவாகிய கிரியாட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு எடையை இட்டால் சிறுநீரகம் நிமிஷத்துக்கு 83 மில்லிலிட்டர் வடிகட்டுவதாக வருகிறது. திருத்திய எடையை இட்டால் 58. லட்சிய எடையை இட்டால் 41. புளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை, இந்த எண் 50-க்குக் கீழே போனால் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது விதி. ஆக, ஒரே பெண், ஒரே ரத்தக் குழாயில் எடுத்த ஒரே ரத்தம். ஒரு வைத்தியர் முழு அளவு என்று எழுதுவார், இன்னொருவர் பாதி அளவு என்று எழுதுவார், இருவர் கையிலும் பிழையற்ற கணக்கு இருக்கும். பருமனானவர்களுக்குத் திருத்திய எடையை இட்டுக் கணக்கிடுவதே உண்மைக்குச் சமீபமாக இருக்கிறது என்பது பொதுவான அனுபவம். ஆயினும், காய்ச்சலும் ரத்த அழுத்தக் குறைவும் நாளுக்கு நாள் சிறுநீரகத்தை ஆட்டிவைக்கும் நிலையில், நேற்றைய எண்ணை நம்பி இன்றைக்கு மருந்து எழுதுவது விவேகமாகாது.

சிறுநீரகம் 58 என்று கொண்டு அதே அம்மாளுக்குப் புளுகோனசோல் கொடுக்கிறோம் என்றால், கிலோவுக்கு 12 மி.கி. வீதம் முதல் நாளும் 6 மி.கி. வீதம் அடுத்த நாட்களும் என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தார் 2016-இல் வகுத்த நெறி சொல்லுகிறது; அதே நெறியில், எளிதாக நினைவில் கொள்ள, 800 என்றும் 400 என்றும் எண்கள் பக்கத்தில் நிற்கின்றன. எழுபது கிலோ மனிதனுக்கு இரண்டும் ஒன்றே. நம் அம்மாளுக்கோ, 400 என்பது கிலோவுக்கு 4.3 தான், கிலோக் கணக்குப்படி 550 அல்லவா ஆகவேண்டும்? நினைவில் நிற்பது உருண்டையான எண். வார்டில் எழுதப்படுவதும் பெரும்பாலும் அதுவே. புளுகோனசோல் சின்னஞ்சிறு மூலக்கூறு, தண்ணீரில் கரைவது, ரத்தப் புரதத்தோடு பெரிதும் ஒட்டாமல் சுதந்திரமாகத் திரிவது, ஐந்தில் நான்கு பங்கு உருமாறாமலே சிறுநீரில் போய்விடுவது. அதன் வெற்றி, ஒரு நாள் முழுதும் ரத்தத்தில் நின்ற மருந்தின் மொத்த அளவுக்கும் கிருமியை அடக்கத் தேவையான அளவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதம் 25-க்குக் குறையாதிருப்பது நலம். கிருமி எளிதில் மடிவதாயின் குறைந்த மருந்தும் போதும். சற்றே முரட்டுக் கிருமியாயின், மெலிந்தவருக்குப் போதிய அளவு பருத்தவருக்குப் போதாமற் போய்விடும். நம் பிரதேசத்தில் டிராபிகாலிஸிலேயே புளுகோனசோலை எதிர்ப்பவை தலைகாட்டுகின்றன என்பதை நினைக்கும்போது இந்த இடைவெளி சிறிதென்று தள்ளத் தக்கதன்று.

ஆதலால்தான் இப்போது நோய் கடுமையாக உள்ளவர்க்கு முதல் மருந்தாக எக்கினோகாண்டின் வகையைக் கொடுக்கச் சொல்லுகிறார்கள். இவற்றில் முதலாவதான காஸ்போபங்கின், ஸ்பெயின் தேசத்து லொசோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்தே கண்டெடுக்கப்பட்டு, 2001-இல் பிரயோகத்துக்கு வந்தது. கிருமியின் புறச் சுவரைச் சிதைக்கும் இவை சிறுநீரகத்தை நம்பியிருப்பவை அல்ல. அனிடுலாபங்கின் என்பதோ கல்லீரலையும் நம்பாமல் ரத்தத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்து போகிறது. ஆகவே நம் அம்மாளின் கிரியாட்டினின் தகராறு இங்கே எழாது. ஆனால் இவையே ஆளுக்கு இவ்வளவு என்ற ரேஷன் முறையில் கட்டுண்டவை: காஸ்போபங்கின் முதல் நாள் 70 மி.கி., பிறகு 50, மைக்காபங்கின் 100, அனிடுலாபங்கின் முதல் நாள் 200, பிறகு 100. உடம்பு பெரிதாக ஆக இம்மருந்துகள் வெளியேறும் வேகமும் கூடுகிறது, எனினும் எடையின் நேர் விகிதாசாரத்தில் அன்று என்று, மைக்காபங்கினைப் பருமனானவர்களுக்குச் செலுத்தி ரத்தத்தை அளந்து பார்த்த ஆராய்ச்சியொன்றை ஹால், கும்போ முதலானோர் 2011-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 80 கிலோவுக்கு மேற்பட்டவருக்குக் காஸ்போபங்கினைப் பிந்திய நாட்களிலும் 70 ஆகவே நீட்டிக்கும்படி அதன் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 92 கிலோ அம்மாள் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறார். 50 மி.கி. குப்பி ஒன்று, 70 மி.கி. குப்பி ஒன்று என்று இரண்டு விதமாகக் கடையில் கிடைப்பதில் எதைக் கேட்டு வாங்குவது என்பதே இங்கே கேள்வி. ஒரு குப்பி ஆயிரக்கணக்கான ரூபாய் என்பதால் உறவினர் மனத்தில் எழும் கேள்வி வேறு.

வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தில் கதை தலைகீழாகிறது. அது கொழுப்பில் கரைவது. ஆகையால் பருத்த உடம்புக்கு மிகுதியாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். நடைமுறையில், தராசு எடைக்குக் கொடுத்தால் ரத்தத்தில் அளவு மிதமிஞ்சி ஏறி, கண்ணில் ஒளி மயக்கமும் மனக் குழப்பமும் கல்லீரல் உபத்திரவமும் வருகின்றன. திருத்திய எடையே அதற்குப் பொருந்துகிறது. முதல் நாள் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு ஆறு வீதம் நம் அம்மாளுக்குத் தராசுப்படி 552, திருத்தியபடி சுமார் 385. அம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பற்றி இந்த மாவட்டத்தாருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2021 கோடையில் கறுப்புப் பூஞ்சை என்று பத்திரிகைகள் பெயரிட்ட நோய் வந்தபோது அந்தக் குப்பிக்காக ஊர் ஊராக அலைந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுக்கும் அதன் நவீன வடிவத்தைக் கிலோவுக்கு மூன்று முதல் ஐந்து மி.கி. என்று எடை கட்டியே கொடுக்கிறார்கள். ஆயினும் நூறு கிலோவைத் தாண்டியவர்களுக்கு மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போவதில் பயனைவிடச் சிறுநீரகத்துக்குச் சேதமே மிகும் என்று கருதி, நூறு கிலோவின் அளவோடு நிறுத்துவோர் பலர். இந்த விஷயத்தில் இன்னொரு பெயரையும் சொல்லத் தோன்றுகிறது. அயல்நாட்டார் அம்போடெரிசினைக் கண்டெடுத்த சில ஆண்டுகளுக்குள், நம் தேசத்துப் பிம்ப்ரி நகரில், ஹிந்துஸ்தான் ஆண்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலையில், திருமலாச்சார் என்ற பூஞ்சை நிபுணர், அந்த மண்ணிலேயே கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஹமைசின் என்ற பூஞ்சைக்கொல்லியை எடுத்துக் காட்டினார்; ரத்தத்தில் செலுத்தும் மருந்தாக அது நிலைபெறவில்லையாயினும், இவ்வழியில் இந்தியர் நடந்ததுண்டு என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

மருந்தளவு குறைந்ததனால் பருமனானவர்கள் அதிகமாக இறக்கிறார்களா என்று நேரே கேட்பீர்களானால், ரத்தத்தில் அளவு குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது என்றும், அதனாலேயே மரணம் மிகுகிறது என்பது அதே உறுதியோடு நிறுவப்படவில்லை என்றும் சொல்லவேண்டும். சில ஆய்வுகளில் பருமனானவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே பிழைத்திருக்கிறார்கள். சாவை நிர்ணயிப்பவை வேறு பல: கிருமியைக் கண்டுபிடிக்கும் ரத்தக் கல்ச்சர் பாதி நோயாளிகளிடம் கிருமியைக் காட்டாமலே போவது, காட்டினாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துக் காட்டுவது, அழுக்கேறிய சென்ட்ரல் லைனை அகற்றாமல் தாமதிப்பது, குடலின் கசிவை அடைக்காமல் மருந்தை மட்டும் ஏற்றுவது. இவ்வளவும் உண்மையே. ஆனால் நிச்சயமான நிரூபணம் வரும் வரையில் குறைந்த அளவே போதும் என்றிருப்பவர்களோடு நான் உடன்படுபவன் அல்லன். நூற்றுக்கு 45 பேர் இறக்கும் ஒரு வியாதியில், கூடுதல் இருபது மில்லிகிராம் காஸ்போபங்கினால் உபத்திரவம் வருவதைவிட, வேண்டிய இருபது கொடுக்கப்படாததனால் கிருமி பிழைத்துக்கொள்வதே எனக்கு அதிகமாகப் பயம் தருகிறது.

இவ்வளவு கணக்கும் எங்கே தொடங்குகிறது என்றால், நோயாளியை ஒருமுறை தராசில் ஏற்றுவதில். வியப்பு என்னவெனில், தீவிர சிகிச்சைப் பிரிவில் அதுதான் நடைபெறாத காரியம். படுத்த படுக்கையாகச் சுவாசக் கருவியோடு பிணைந்திருப்பவரை நிற்கவைத்து நிறுக்க முடியாது; எடை காட்டும் கட்டில்கள் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் மட்டும் உண்டு. ஆகவே கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்து, 'எழுபது இருக்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். உறவினரைக் கேட்டால் மகன் சொல்லுவான்: "அம்மாவுக்கு எம்பது, எம்பத்தஞ்சு இருக்கும் சார், போன வருசம் சுகர் பாக்கப் போனப்ப நிறுத்தாங்க." அந்த மகன் சொன்னதே, பார்த்து எழுதியதைவிடப் பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமானது. அதிலும் ஒரு சிக்கல்: அறுவைக்குப் பின் ஏற்றிய திரவமெல்லாம் உடம்பில் தேங்கி, கை கால் வீங்கி, எட்டுப் பத்துக் கிலோ கூடுதலாகத் தோன்றும் நாட்களில் நிறுத்தால், அது நோயாளியின் எடையன்று, நாம் ஏற்றிய தண்ணீரின் எடையும் சேர்ந்தது. நோய் வருவதற்கு முன்னிருந்த எடைதான் கணக்குக்கு உதவும். அது ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் உள்ள சர்க்கரை நோய்ச் சிகிச்சைச் சீட்டுகளில் மாதா மாதம் எழுதப்பட்டு, வீட்டு மஞ்சள் பையில் கிடக்கிறது.

இங்கிருந்து மதுரைக்கு எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கொடுத்தனுப்பும் கடிதத்தில் வயது, நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொடுத்த ஊசி எல்லாம் உண்டு. எடைக்கும் உயரத்துக்கும் இடம் இல்லை. உயரத்தைப் படுத்திருப்பவரிடமே அளந்துவிடலாம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை நாடாவால் அளந்து, அட்டவணையைப் பார்த்து உயரத்தை எழுதும் முறை நர்ஸுகளுக்கு ஐந்து நிமிஷத்தில் கற்பிக்கக்கூடியது. எடையைப் பற்றிய பழைய சீட்டு வீட்டிலிருந்தால் அதன் நகலைக் கடிதத்தோடு குண்டூசியிட்டு அனுப்பலாம். 'எடை 92, ஜனவரி மாதத்தில் நிறுத்தது, உயரம் ஐந்தடி, வீக்கம் இல்லாத நிலையில்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், மதுரையில் நள்ளிரவில் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் இளம் வைத்தியர், மருந்துக் கடைக்கு எழுதும் சீட்டில் காஸ்போபங்கினைப் பிந்திய நாட்களுக்கு 50 என்று எழுதாமல் 70 என்று எழுதுவார்.